கோயில் யாருடையது? நிச்சிரென் ஷோஷு – சோகா கக்காய் பிளவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் மாதம் ஒரு முறை பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். சுவரோரம் ஒரு சிறிய மரப்பெட்டி. அதன் கதவுகளைத் திறந்தால் உள்ளே கருப்பு மையில் சீன எழுத்துகள் நிறைந்த ஒரு சுருள். அதைப் பார்த்தபடி எல்லாரும் ஒரே குரலில் 'நம் மியோஹோ ரெங்கே கியோ' என்று ஓதுவார்கள். சோகா கக்காய் என்ற இந்த ஜப்பானிய பௌத்த அமைப்பில் நான் உறுப்பினன் அல்ல, பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பவன். முதல் நாளே எனக்கு ஒரு கேள்வி எழுந்தது: இது பௌத்தம் என்றால் பிக்குகள் எங்கே? அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு பல ஆண்டுகள் படித்திருக்கிறேன். அதன் பிறகு மற்றவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் என்னுடைய பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

தகராறு யாருக்கும் யாருக்கும் இடையில்?

ஜப்பானில் ஃபுஜி மலை அடிவாரத்தில் தைசெகிஜி என்ற கோயில் இருக்கிறது. 1290இல் நிறுவப்பட்டது. அதைத் தலைமையிடமாகக் கொண்ட குருமார் சபைக்கு நிச்சிரென் ஷோஷு என்று பெயர். அதே நெறியைப் பின்பற்றிய இல்லறத்தார் 1930இல் தொடங்கிய அமைப்பு சோகா கக்காய். அறுபது ஆண்டுகள் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1991 நவம்பர் 28 அன்று குருமார் சபை சோகா கக்காயை மதவிலக்கம் செய்தது. அப்போது அமைப்பின் சொந்தக் கணக்குப்படி ஜப்பானில் மட்டும் 80 லட்சம் குடும்பங்கள் அதில் இருந்தன.

நிச்சிரென் என்பவர் யார்?

1222 முதல் 1282 வரை வாழ்ந்த ஜப்பானியத் துறவி. மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். புத்தரின் போதனைகளில் தாமரைச் சூத்திரமே உச்சம், அதன் பெயரை, அதாவது 'நம் மியோஹோ ரெங்கே கியோ' என்று, ஓதினாலே யாரும் புத்தநிலை அடையலாம் என்று 1253இல் அறிவித்தார். அரசையும் பிற பௌத்தப் பிரிவுகளையும் நேருக்கு நேர் கண்டித்தார். 1271இல் அவரைத் தலை வெட்டக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பி, சாதோ தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

அவர் எழுதிய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை சாமானியர்களுக்கு எழுதியவை: கணவனை இழந்த பெண், எசமானின் கோபத்துக்கு ஆளான சாமுராய், அரிசியும் எண்ணெயும் அனுப்பிய குடும்பம். அந்தச் சுருளை, அதாவது கோஹோன்சோனை, உனக்கு வெளியே தேடாதே என்று அவர் அறிவுறுத்தியதும் இல்லறப் பெண் ஒருவருக்குத்தான். பின்னால் வந்த சண்டையில் இந்தக் கடிதம் மிகப் பெரிய ஆயுதமாயிற்று.

குருமாரின் உரிமைக்கு அடிப்படை என்ன?

இரண்டு. ஒன்று, மரபு. நிச்சிரென் தம் சீடர் நிக்கோவுக்குத் தந்த ஞானம், ஒரு தலைமைக் குருவிடமிருந்து அடுத்தவருக்கு, பாத்திரத்திலிருந்து பாத்திரத்துக்கு நீர் ஊற்றுவது போல, சிந்தாமல் வந்திருக்கிறது என்பது அவர்களின் நம்பிக்கை. இன்றைய தலைமைக் குரு 68ஆவது.

இரண்டாவது, டை-கோஹோன்சோன். 1279 அக்டோபர் 12 என்று தேதியிட்ட, மரப்பலகையில் செதுக்கிய பெரிய கோஹோன்சோன் அது. நிச்சிரென் உலகம் முழுமைக்கும் விட்டுச்சென்றது என்று தைசெகிஜி போற்றுகிறது. பிற நிச்சிரென் பிரிவுகள் அப்படி ஏற்பதில்லை. கோயில் வழங்கும் வீட்டுச் சுருள்கள் எல்லாம் தலைமைக் குருவின் கையெழுத்தின் படிகள். கோயில் அவற்றைக் குடும்பங்களுக்கு 'ஒப்படைக்கிறது', உடைமை கோயிலுடையது. உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் வழிபாட்டுப் பொருளுக்கு உரிமையாளர் வேறொருவர் என்ற இந்த ஏற்பாடு, உறவு நன்றாக இருந்தவரை யார் கண்ணிலும் படவில்லை.

சோகா கக்காயைத் தொடங்கியவர்கள் யார்?

பள்ளி ஆசிரியர்கள். சுனெசாபுரோ மாகிகுச்சி ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர். ஜோசெய் தோடா அவருடைய இளைய சக ஆசிரியர். மாணவன் மகிழ்ச்சியாக வாழக் கற்பதே கல்வியின் நோக்கம் என்று மாகிகுச்சி எழுதிய நூல் 1930 நவம்பர் 18 அன்று வெளியானது. அந்த நாளைத்தான் அமைப்பு தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

பிளவின் முதல் விதை எப்போது விழுந்தது?

என் கணக்கில் 1943 ஜூன் மாதம். போர் உச்சத்தில் இருந்தது. ஜப்பானின் பழைய தெய்வ மதமான ஷிந்தோவின் இசே கோயில் தாயத்தை ஒவ்வொரு வீட்டிலும் வைத்து வணங்க வேண்டும் என்று அரசு நெருக்கியது. மறுப்பவர்களுக்குச் சிறை காத்திருந்தது. மாகிகுச்சியையும் தோடாவையும் தைசெகிஜிக்கு வரவழைத்த குருமார், அந்தத் தாயத்தைப் பேருக்கு வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மாகிகுச்சி மறுத்தார். நிச்சிரென் உயிரைப் பணயம் வைத்து மறுத்த அதே சமரசத்தை, அவருடைய கோயிலே கேட்கிறதே என்பது அவருக்கு அதிர்ச்சி.

ஜூலை 6 அன்று கைதானார். அமைப்பின் தலைவர்கள் 21 பேர் பிடிபட்டார்கள். ஏறக்குறைய எல்லாரும் விசாரணையில் வளைந்துகொடுத்தார்கள். மாகிகுச்சி வளையவில்லை. 73 வயது. தனிச்சிறை, அரைவயிற்றுக் கஞ்சி. 1944 நவம்பர் 18 அன்று, தம் நூல் வெளியாகிச் சரியாகப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, சிறை மருத்துவமனையில் இறந்தார். தோடா 1945 ஜூலை 3 அன்று வெளியே வந்தார்.

கோயிலைக் காப்பாற்ற வேண்டிய இக்கட்டில் குருமார் இருந்தார்கள் என்று அவர்கள் தரப்பு சொல்கிறது. அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதை மறந்துவிட்டு 1991ஐப் படித்தால் ஒன்றும் விளங்காது. சபையின் துறவிகள் குனிந்தபோது ஒரு பள்ளி ஆசிரியர் நிமிர்ந்து நின்று செத்தார் என்பது அந்த அமைப்பின் உயிர்நாடியில் எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியானால் போருக்குப் பிறகும் ஏன் ஒன்றாக இருந்தார்கள்?

ஒருவருக்கு மற்றவர் தேவைப்பட்டார்கள். கோயில் வறுமையில் இருந்தது. போருக்குப் பின் வந்த நிலச்சீர்திருத்தத்தில் நிலங்களை இழந்திருந்தது. தோடாவுக்கோ, எரிந்துபோன நகரங்களில் வேலையும் வீடும் இல்லாமல் தவித்த மக்களிடம் கொண்டுபோக ஒரு மரபு வேண்டும், ஒரு சுருள் வேண்டும். 1951இல் அவர் தலைவரானபோது சில ஆயிரம் பேர் இருந்தார்கள். 7.5 லட்சம் குடும்பங்களைச் சேர்ப்பேன் என்று அன்று சபதம் செய்தார். 1957இல் அது நிறைவேறியது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார்.

1952இல் சோகா கக்காய் தனி மத நிறுவனமாகப் பதிவு பெற்றது. சேரும் ஒவ்வொருவரையும் உள்ளூர்க் கோயிலில் பதிவு செய்வோம், நிச்சிரென் ஷோஷுவின் போதனையைக் காப்போம், புத்தம் தம்மம் சங்கம் என்ற மும்மணிகளைப் போற்றுவோம் என்று மூன்று வாக்குறுதிகள் தந்தது. கணக்கு, சொத்து, நிர்வாகம் எல்லாம் தனி. சுருள் மட்டும் கோயிலிலிருந்து. நாற்பது ஆண்டுகள் தாங்கிய ஒப்பந்தம் இது. ஆனால் அந்த மூன்றாவது மணியான 'சங்கம்' யார் என்று அன்று யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. தலைமைக் குருக்களின் வரிசையே சங்கம் என்று குருமார் எண்ணினார்கள். வீடு வீடாகப் போய் நெறியைப் பரப்புகிறவர்களே சங்கம் என்று இல்லறத்தார் எண்ணத் தொடங்கினார்கள்.

ஷோ-ஹொண்டோ என்ற மண்டபத்தைப் பற்றி ஏன் எல்லாரும் பேசுகிறார்கள்?

டை-கோஹோன்சோனை வைக்கத் தைசெகிஜியில் எழுப்பிய மாபெரும் மண்டபம் அது. சோகா கக்காயின் மூன்றாவது தலைவரான டைசாகு இகெடாவின் காலத்தில், 1965 அக்டோபரில், நான்கே நாட்களில் 3,550 கோடி யென் நன்கொடை சேர்ந்தது. கொடுத்தவர்கள் ஏறத்தாழ 80 லட்சம் பேர். இவர்களில் பெருமுதலாளிகள் குறைவு. தையல் வேலை செய்தவர்கள், சிறு கடைக்காரர்கள், தொழிற்சாலைக் கூலிகள்தான் அதிகம். 1972இல் திறந்தபோது 6,000 பேர் உட்காரும் அந்த மண்டபத்தில் தங்கள் சேமிப்பு ஒரு தூணாக நிற்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள்.

1998இல் தலைமைக் குரு நிக்கென் டை-கோஹோன்சோனை அங்கிருந்து வெளியே எடுத்தார். மண்டபத்தை இடிக்க உத்தரவிட்டார். திறந்து கால் நூற்றாண்டு மட்டுமே ஆன கட்டடம். கட்டடக் கலைஞர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், பயனில்லை. அதே மண்ணில் 2002இல் ஹோஆன்தோ என்ற வேறொரு மண்டபம் எழுந்தது.

எந்த விளக்கம் சொன்னாலும் இதை என்னால் ஏற்க முடியவில்லை. கொள்கைச் சண்டை குருமாருக்கும் தலைவர்களுக்கும் இருக்கட்டும். அந்தக் கூலிக்காரப் பெண்ணின் உண்டியல் பணம் என்ன பாவம் செய்தது?

நன்கொடையைத் திருப்பிக் கேட்டு யாரும் வழக்குப் போடவில்லையா?

அதற்கு முன்பே ஒரு வழக்கு நடந்தது. சோகா கக்காயிலிருந்து விலகிய சிலர், டை-கோஹோன்சோன் போலியானது, ஆகவே எங்கள் நன்கொடையைத் திருப்பித் தாருங்கள் என்று அமைப்பின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 1981 ஏப்ரல் 7 அன்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கேட்பது பணம் என்றாலும், தீர்ப்புச் சொல்ல மதக் கொள்கையின் உண்மை பொய்யை ஆராய வேண்டியிருக்கும், அது நீதிமன்றத்தின் வேலை அல்ல என்பது அதன் சாரம். ஜப்பானியச் சட்ட மாணவர்கள் இன்றும் இதைப் 'பலகை மண்டல வழக்கு' என்று படிக்கிறார்கள் (மண்டலம் என்பது இங்கே கோஹோன்சோனைக் குறிக்கிறது).

1977–79இல் நடந்தது என்ன?

முதல் உடைசல். 1977 ஜனவரியில் இகெடா ஒரு சொற்பொழிவில், பௌத்தம் மக்களிடையே வாழ வேண்டியது, இன்றைய கோயில்கள் சடங்கு மடங்களாகிவிட்டன, நெறி பரப்பும் இல்லறத்தாரும் காணிக்கை பெறத் தகுதியானவர்களே என்ற பொருளில் பேசினார். அதே காலத்தில் அமைப்பு, காகிதச் சுருள்கள் சிலவற்றை மரத்தில் செதுக்கிக்கொண்ட செய்தியும் வெளியானது. இளம் குருக்கள் பொங்கி எழுந்தார்கள். 1978 நவம்பரில் சோகா கக்காய் தலைவர்கள் தைசெகிஜிக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். 1979 ஏப்ரலில் இகெடா தலைவர் பதவியிலிருந்து விலகிக் கௌரவத் தலைவரானார்.

இதில் பலர் கவனிக்காத ஒரு திருப்பம் உண்டு. அந்த ஆண்டே 66ஆவது தலைமைக் குரு நிட்டாட்சு இறந்தார். நிக்கென் 67ஆவது குருவானார். பொறுப்பு நிக்கெனுக்குக் கைமாறியதை நேரில் கண்ட சாட்சி யாரும் இல்லை என்று, சோகா கக்காயை எதிர்த்துவந்த குருக்கள் கேள்வி எழுப்பினார்கள். நிக்கென் அவர்களில் பெரும்பாலோரை வெளியேற்றினார். அப்போது நிக்கெனின் மரபு செல்லும் என்று முழுமூச்சாக நின்றது சோகா கக்காய். பத்தாண்டுகள் கழித்து அதே நிக்கென்தான் அவர்களை விலக்கினார். அவர்களும் அதே மரபு அறுந்துவிட்டது என்றார்கள். இரு தரப்பு நூல்களும் இந்தப் பத்தாண்டை அவசரமாகத் தாண்டிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

பீத்தோவன் பாட்டுக்காக விலக்கினார்கள் என்கிறார்களே, உண்மையா?

அந்தப் பாட்டு மட்டும் காரணம் அல்ல. ஆனால் குற்றச்சாட்டுப் பட்டியலில் அது இருந்தது.

1990 நவம்பர் 16 அன்று ஒரு கூட்டத்தில் இகெடா பேசினார். அந்தப் பேச்சின் ஒலிநாடா குருமாருக்குக் கிடைத்தது. அதை எழுத்தில் பெயர்த்து, டிசம்பரில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார்கள். தலைமைக் குருவை இழித்தார், குருமாரைக் கேலி செய்தார் என்பவற்றோடு, பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனியில் வரும் 'ஆனந்தப் பாடலை' ஜெர்மன் மொழியில் பாடச் சொல்வது வேற்றுமதக் கடவுளைப் போற்றுவதாகும் என்பதும் அதில் இருந்தது. சோகா கக்காய் பதிலுக்குத் தன் கேள்விகளை அனுப்பியது. பேசித் தீர்க்கலாம் என்றது. ஒலிநாடாவைப் பெயர்த்ததில் பிழைகள் இருந்தன என்று பிறகு குருமார் சபையே ஒப்புக்கொண்டு சில கேள்விகளைத் திரும்பப் பெற்றது. அதற்குள் டிசம்பர் 27 அன்று விதிகளைத் திருத்தி, இல்லறத்தாரின் தலைமைப் பிரதிநிதி என்ற இகெடாவின் பொறுப்பைப் பறித்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு முழுவதும் சரிவுதான். குருவும் இல்லறத்தாரும் சமம் என்று பேசுவது சங்கத்தின் ஒற்றுமையைக் குலைப்பதற்கு நிகர் என்று ஜனவரியில் சபை எழுதியது. கோடையில், தலைமைக் கோயிலுக்கு யாத்திரை வர உள்ளூர்க் கோயிலின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்று விதி வந்தது. சோகா கக்காய் வழியாக வரும் வழி அடைபட்டது. நவம்பர் தொடக்கத்தில் அமைப்பைக் கலைக்கச் சொன்னார்கள். மாத இறுதியில் விலக்கம் வந்தது. டிசம்பரில் நிக்கென் பதவி விலக வேண்டும் என்று 1 கோடியே 62 லட்சம் பேர் கையெழுத்திட்ட மனுவைச் சோகா கக்காய் அனுப்பியது.

விலக்கத்தால் சாதாரண உறுப்பினருக்கு என்ன ஆயிற்று?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

ஜப்பானில் சாவு வீட்டுக்குக் குரு வராமல் இருப்பது சின்ன விஷயம் அல்ல. பதினேழாம் நூற்றாண்டில் தொகுகாவா ஆட்சி, ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு கோயிலில் பதிவு பெற வேண்டும் என்று சட்டம் போட்டது. கிறிஸ்தவர்களைக் கண்டுபிடிக்க வந்த சட்டம் அது. அன்றிலிருந்து பிறப்பு, இறப்பு, கல்லறை எல்லாம் கோயிலின் கையில். இறந்தவருக்குக் குரு வந்து ஓத வேண்டும், மறுமைப் பெயர் சூட்ட வேண்டும், நினைவுநாட்களில் 'தோபா' என்ற நீண்ட மரப்பலகையில் பெயர் எழுதிக் கல்லறையில் நட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் உறையில் காணிக்கை. 1990இல் இந்தக் காணிக்கைகள் உயர்த்தப்பட்டதும் மனத்தாங்கலைக் கூட்டியது.

குரு ஓதாவிட்டால் இறந்தவர் நற்கதி அடையமாட்டார் என்ற அச்சம் வயதானவர்களை வாட்டியது. சிலர் சோகா கக்காயை விட்டுக் கோயிலோடு போனார்கள். ஒரே வீட்டில் கணவன் கோயிலிலும் மனைவி அமைப்பிலும் என்று பிரிந்தவர்களும் உண்டு. மற்றவர்கள் புதிதாக ஒன்றைச் செய்தார்கள். 'நண்பர் இறுதிச்சடங்கு' என்று அதற்குப் பெயர். பக்கத்துத் தெருவில் இருக்கும் உறுப்பினர் வந்து முன்னே உட்கார்ந்து சூத்திரம் ஓதுவார். பின்னால் உறவினரும் நண்பர்களும் சேர்ந்து ஓதுவார்கள். மறுமைப் பெயர் கிடையாது. அம்மா அம்மாவின் பெயரோடே போவார். காணிக்கை உறையும் இல்லை. தொடக்கத்தில் கூச்சத்தோடு நடந்தது, இன்று அவர்களிடையே வழக்கமாகிவிட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சுருள் எப்படிக் கிடைத்தது?

இரண்டு ஆண்டுகள் கிடைக்கவில்லை. வெறும் சுவரைப் பார்த்து ஓதியவர்கள் உண்டு. பிறகு தைசெகிஜியிலிருந்து பிரிந்துவந்த கோயில்களில் ஒன்றான, தொசிகி மாகாணத்தின் ஜோயென்ஜி முன்வந்தது. அங்கே 26ஆவது தலைமைக் குரு நிச்சிகான் 1720இல் எழுதிய கோஹோன்சோன் இருந்தது. அதைப் படியெடுத்து 1993 அக்டோபர் முதல் சோகா கக்காய் வழங்குகிறது. என் நண்பர் வீட்டுப் பெட்டியில் இருப்பதும் அந்தப் படிதான். தலைமைக் குருவின் அனுமதியும் கண்திறப்புச் சடங்கும் இல்லாத அது வெறும் அச்சுத்தாள் என்பது குருமார் வாதம்.

இகெடா மீதும் நிக்கென் மீதும் சொல்லப்பட்ட தனிப்பட்ட குற்றச்சாட்டுகள்?

இரு தரப்பும் பல ஆண்டுகள் சேற்றை வாரி இறைத்தன. நீதிமன்றம் வரை போயின. அவற்றை இங்கே திரும்ப எழுத மாட்டேன்.

அரசியலுக்கு இதில் பங்கு உண்டா?

சோகா கக்காய் 1964இல் கொமெய்தோ என்ற கட்சியைத் தொடங்கியது. அது 1999இல் ஆளும் கூட்டணியில் சேர்ந்தது. அதனால் அமைப்பின் மீது வந்த விமர்சனங்கள் ஏராளம். பிளவுக்கு அதை நேரடிக் காரணம் என்று நான் கருதவில்லை.

யார் பக்கம் நியாயம்?

மரபுப்படி பார்த்தால், ஒரு சபைக்குத் தன் விதியை மீறுகிறவர்களை விலக்கும் உரிமை உண்டு. 1952இல் தந்த வாக்கைச் சோகா கக்காய் தன் போக்கில் விரித்துக்கொண்டதும் உண்மை. இகெடாவைச் சுற்றி வளர்ந்த போற்றுதல், ஒரு குருவை நீக்கிய இடத்தில் இன்னொரு குருவை வைத்துவிட்டதோ என்று எனக்கே தோன்றியிருக்கிறது. குருமார் சொல்லும் இந்தக் குறையை நான் தட்டிக்கழிக்க மாட்டேன்.

ஆனாலும் என் மனம் இல்லறத்தார் பக்கமே சாய்கிறது. தலைமைக் குருவே ஆனாலும் புத்தரின் நெறிக்கு மாறாகத் தன் கருத்தைச் சொன்னால் அவரைப் பின்பற்றாதே என்று கட்டளை எழுதி வைத்தவர் தைசெகிஜியை நிறுவிய நிக்கோ. அவருடைய 26 கட்டளைகளில் ஒன்று அது. அவர் பெயரால் நடக்கும் சபை, நேரில் ஒரு முறை உட்கார்ந்து பேசாமல், பெயர்கூடத் தெரியாத லட்சக்கணக்கான மனிதர்களை ஒரே தாளில் வெளியே தள்ளியது. தலைவரோடு பிணக்கு என்றால் தலைவரோடு தீர்த்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இவர்கள் இருக்கிறார்களா?

இந்தியக் கிளையின் பெயர் பாரத் சோகா கக்காய். சென்னையிலும் உறுப்பினர்கள் உண்டு. சென்னை மாதனாங்குப்பத்தில் சோகா இகெடா பெயரில் ஒரு பெண்கள் கலை அறிவியல் கல்லூரியும் இருக்கிறது. இங்கே சேர்ந்தவர்களில் பலர் 1991க்குப் பிறகு வந்தவர்கள். அவர்கள் தைசெகிஜியைப் பார்த்ததில்லை. பிரிவின் வலி அவர்களுக்குக் கேட்ட கதைதான்.

இப்போது நிலைமை என்ன? இரு தரப்பும் மீண்டும் சேர வாய்ப்பு உண்டா?

எனக்குத் தெரியவில்லை எந்த வழியில் சேர முடியும் என்று. 2014இல் சோகா கக்காய் தன் கொள்கை விதியைத் திருத்தி, தைசெகிஜியில் இருக்கும் டை-கோஹோன்சோன் இனி எங்கள் வழிபாட்டுக்கு உரியதல்ல என்று அறிவித்தது. பழைய உறுப்பினர்கள் சிலருக்கே அது நெஞ்சைக் கீறியது. 1972இல் அந்தப் பலகையின் முன் அழுதுகொண்டே ஓதியவர்கள் அவர்கள். நிக்கென் 2019 செப்டம்பரில் இறந்தார். இகெடா 2023 நவம்பரில், 95 வயதில் இறந்தார். தைசெகிஜியில் இன்றும் நள்ளிரவு கடந்து இரண்டரை மணிக்கு விளக்கேற்றி ஓதுகிறார்கள். டோக்கியோவின் ஷினானோமாச்சியில் சோகா கக்காய் 2013இல் கட்டிய பெரிய மண்டபத்திலும் ஓதுகிறார்கள். இரண்டு இடத்திலும் சொல்வது அதே சொற்கள்: நம் மியோஹோ ரெங்கே கியோ.